ஸ்டூடியோ போர்ட்ரெய்ட் பழகும்போது கேட்ட விமர்சனம்: இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

தஞ்சை_நிழல்

ரெம்ப்ராண்ட் லைட்டிங் (ஒரு பக்கம் மேலேருந்து விளக்கு, நிழல் பக்கக் கன்னத்துல மட்டும் சின்ன முக்கோணமா வெளிச்சம்) இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். ஓய்வு பெறப்போற தலைமையாசிரியர் ஒருத்தரை எடுத்தேன், பள்ளிக்கூடச் சுவர்ல மாட்டுறதுக்கு. சாஃப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி வழியா மென்மையா வெளிச்சம் தர்ற பெட்டி விளக்கு) இடது பக்கம் உயரத்துல, கேமரா செட்டிங் எஃப் 8, 1/125. நிழல் பக்கக் கன்னத்துல முக்கோணம் கச்சிதமா விழுந்திருந்தது. ஆன்லைன்ல போட்டேன். 'செம', 'வேற லெவல்'னு குவிஞ்சுது.

அப்புறம் ஏ3 சைஸ்ல பிரிண்ட் போட்டு, எங்க பக்கத்துல முன்னாடி ஸ்டூடியோ வெச்சிருந்த பெரியவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பிலிம் காலத்துல நெகட்டிவ் மேலேயே பென்சிலால டச்சப் பண்ணினவர். படத்தை வாங்கி ஜன்னலோரம் போய் நின்னு பாத்தார். கட்டைவிரலால அந்த முக்கோணத்தை மறைச்சார். "இப்ப அந்தப் பக்கத்துக் கண்ணைப் பாரு தம்பி"ன்னார். கண்ணு இருக்க வேண்டிய இடத்துல இருட்டுதான் இருந்துச்சு. கேட்ச்லைட், அதாவது கண்ணுல மின்னுற விளக்கோட பிரதிபலிப்பு, ஒரு பொட்டுகூட இல்ல.

அதோட விடல. தலை சீவ மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்தக் கண்ணாடியைக் கழட்டி என் கையில கொடுத்தார். போன் டார்ச்சைப் போட்டு என் நெத்திக்கு மேல பிடிச்சு, மெள்ளக் கீழ இறக்கினார். புருவத்தோட நிழல் கண்ணை விட்டு விலகுற இடத்துல என் கருவிழியில ஒரு வெள்ளைப் புள்ளி வந்து உக்காந்துச்சு. "இங்க நிறுத்தணும். நீ முக்கோணத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்க. முன்னாடி உக்காந்திருந்த மனுஷனைப் பாக்கல."

இப்பவும் ஸ்டாண்டை உயர்த்தும்போதெல்லாம் அவர் குரல்தான் கேக்குது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

பட்டுச்சரிகை

எனக்கு விமர்சனம் சொன்னவர் போட்டோகிராபரே இல்லை, பொண்ணோட பாட்டி. நிச்சயத்துக்கு முன்னாடி ஸ்டூடியோவில் எடுத்த தனிப் படம். அப்போது நான் ஒருத்தரிடம் உதவியாளர். யார் வந்தாலும் முகத்தை வெளுக்க வைத்துத்தான் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கடையில் அதுதான் வழக்கம். பாட்டி ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இந்தப் படம் வந்ததும் நின்றார். மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார். "நகை நம்ம நகைதான். புள்ள யாரு?" என்றார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே அடையாளம் தெரியாமல் கேட்டார். பேத்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நிறத்தைத் தொடவே மாட்டேன் என்று முடிவெடுத்தேன். ஆனால் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. கருத்த மேனிக்கு அழகு, தோலின் மேல் விழும் பளபளப்பில்தான் இருக்கிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, ஏற்றினால் அது செத்துவிடும், சரிகையும் வெள்ளையாக வெந்துபோகும். பெரிய சாஃப்ட்பாக்ஸைக் கிட்டக் கொண்டுவந்து பக்கவாட்டில் திருப்புங்கள். கன்னமேட்டில் நீளமாக ஒரு ஒளி ஓடும். நிறம் நிறமாகவே இருக்கும், முகத்துக்கும் உருவம் கிடைக்கும்.

'கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் அந்தப் பாட்டி கேட்டதைச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

எதிர்வெளிச்சம்

தஞ்சை நண்பரின் பெரியவர் மீது மரியாதை உண்டு. ஆனாலும் 'கேட்ச்லைட் இல்லாவிட்டால் படம் இல்லை' என்று விதி போடுவதை நான் ஏற்க மாட்டேன். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பெயரைச் சொல்கிறோம். அவரே 1628 வாக்கில் வரைந்த இளவயதுத் தன்னுருவ ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் கழுத்திலும் காது மடலிலும் கன்னத்தின் ஓரத்திலும் விழுகிறது, இரண்டு கண்களும் நிழலில். உற்றுப் பார்த்தால்தான் அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதே தெரியும். அதை ஒரு விமர்சனக் கூட்டத்தில் வைத்தால் 'கண்ணில் லைட் இல்லை' என்று தள்ளிவிடுவார்களா?

என் அனுபவம் இதுதான். அம்மா காலமான பிறகு அப்பாவை எடுத்த படம் அது, வேண்டுமென்றே இருட்டாக வைத்தேன். ஒரு கூட்டத்தில் திரையில் போட்டபோது, நடத்தியவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லேப்டாப்பில் வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்து, எல்லோர் முன்னிலையிலும் அப்பாவின் முகத்தை வெளிச்சமாக்கிக் காட்டி, "இப்போ எப்படி?" என்றார். கை தட்டினார்கள். 'எதற்காக இப்படி எடுத்தீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்தக் கைதட்டல்தான் எனக்கு ஆறவில்லை.

தெர்மாகோல்_அண்ணன்

என் கதை சின்னது. ஒரு போட்டியில நடுவர் "தலையும் பின்னணியும் ஒட்டிக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டார். நம்ம ஊர் கருப்பு முடி, பின்னாடி கருப்புத் துணி, ரெண்டும் கரைஞ்சு முகம் மட்டும் மிதந்துச்சு. ஏன்னு அவர் சொல்லல. புதுசா வர்றவங்களுக்காக நான் சொல்றேன்.

விளக்குக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தைப் போல, விளக்குக்கும் சுவருக்கும் உள்ள தூரம் எத்தனை மடங்குங்கிறதுதான் பின்னணியைத் தீர்மானிக்கும். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி, அதாவது ரெண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் இறங்கினா வெளிச்சம் பாதி, ஏறினா ரெண்டு மடங்கு). முகம் விளக்கிலிருந்து 3 அடி, சுவர் 6 அடின்னா சுவர் ரெண்டு ஸ்டாப் மங்கல். சுவர் 12 அடியில இருந்தா நாலு ஸ்டாப், சாம்பல் சுவரே ஏறக்குறைய கருப்பாயிடும். கருப்புத் துணியே வாங்க வேணாம். முடி தெரியணும்னா பின்னாடி மேலேருந்து சின்ன லைட் ஒண்ணு. அதுக்கும் காசில்லன்னா ஆளையும் விளக்கையும் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய் சுவரை ஒரு ஸ்டாப் ஏத்துங்க, தலை தனியாப் பிரிஞ்சு வந்துடும்.

நிழல் பக்கத்துக்கு ரிப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தட்டி) வாங்காதீங்க, தெர்மாகோல் அட்டை போதும். அதே அட்டையில ஒரு பக்கம் கருப்புத் துணி ஒட்டுங்க. வெள்ளைப் பக்கம் நிழலைத் தூக்கும், கருப்புப் பக்கம் நிழலை இறக்கும். உருண்டை முகத்துக்கு அந்தக் கருப்பு ரொம்ப உதவும். மூக்குக்கண்ணாடியில சாஃப்ட்பாக்ஸ் தெரிஞ்சா விளக்கை உயர்த்துங்க, இல்லாட்டி கண்ணாடிக் காம்பை காதுக்கு மேல லேசாத் தூக்கி வைக்கச் சொல்லுங்க. முகத்துல எண்ணெய் வழிஞ்சா டிஷ்யூவால ஒத்தி எடுங்க, பவுடர் அப்பாதீங்க. லென்ஸ் எதுவானாலும் ஆறடி தள்ளி நில்லுங்க. மூக்கு பெருசாத் தெரியுறது லென்ஸால இல்ல, கிட்டப் போறதால.

கடைசியா, கருத்து கேக்குறவங்க விளக்கு எங்க இருந்துச்சு, எவ்வளவு தூரம், யாருக்காக எடுத்த படம்னு எழுதிப் போடுங்க. அது தெரியாம என்னத்தைச் சொல்றது?

தஞ்சை_நிழல்

எதிர்வெளிச்சம் அண்ணா, நீங்க சொன்ன ஓவியத்தைத் தேடிப் பாத்தேன். சொன்னது சத்தியம். உங்க அப்பா படத்துக்கு நடந்தது கொடுமை, அது விமர்சனமே இல்ல. ஆனா பெரியவர் விதி எதுவும் போடலண்ணா. படத்தைத் தொடுறதுக்கு முன்னாடி அவர் கேட்ட முதல் கேள்வி "எங்க மாட்டப் போறாங்க?"ங்கிறதுதான். பள்ளிக்கூடம்னு சொன்னேன். தலைமையாசிரியர்கிட்ட படிச்ச பசங்க வராந்தாவுல நடந்து போகும்போது சார் அவங்களைப் பாக்கணும்னுதான் கண்ணைக் காட்டினார். நான் அதை முதல்லயே எழுதியிருக்கணும்.

எதிர்வெளிச்சம்

அப்படிக் கேட்டார் என்றால் அவர் பெரிய மனிதர். என் பேச்சு அவரைப் பற்றியது அல்ல.

பாஸ்போர்ட்_சைஸ்

நான் வேலை பாக்குறது சின்ன ஸ்டூடியோ. நாள் பூரா 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படம்தான், நிழலே விழக்கூடாது. கடை சாத்தினப்புறம் முதலாளி அம்மா விளக்கைப் போட்டுப் பழக விடுறாங்க. அவங்க பாராட்ட மாட்டாங்க, திட்டவும் மாட்டாங்க. திரையில ஒரு இடத்துல விரலை வெச்சு "இது என்ன?"ம்பாங்க. நேத்து வெச்ச இடம், எங்க தாத்தாவோட தாடைக்குக் கீழ. கழுத்தும் தாடையும் ஒரே இருட்டா இருந்துச்சு. மேல தெர்மாகோல் அண்ணன் எழுதினதைப் படிச்சதும் வெள்ளை அட்டையை மடிமேல வெச்சுப் பாக்கலாம்னு தோணுது.

ஞாயித்துக்கிழமை தாத்தாவை மறுபடி உக்கார வெச்சு எடுத்துட்டு இங்க போடுறேன். வீட்டுல மாட்டுறதுக்குத்தான். தாடையும் கழுத்தும் பிரிஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. சூப்பர்னு மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.