கரையில நின்னே இரையைத் தூரமா கொண்டுபோறது எப்படிங்க?

குளத்துமேட்டான்:
பொன்னானி, சாவக்காடு பக்கம் கடற்கரையில நின்னு தூண்டில் போடறவங்க கொஞ்சம் சொல்லுங்க. கையில இருக்கறது குளத்துக்கு வாங்கின 8 அடி ராடு, 4000 சைஸ் ரீல், 0.40 மில்லி தடிமன் நரம்பு (தூண்டில் நூல்). 60 கிராம் ஈயம் கட்டி எறிஞ்சா நாப்பது மீட்டரைத் தாண்ட மாட்டேங்குது. இழுத்து வீசினா இறால் பிச்சுக்கிட்டு தனியா பறக்குது. 100 மீட்டர் போனாப் போதும். பட்டறையில ரெண்டரை இஞ்சு பிவிசி பைப்பும் கம்ப்ரசரும் சும்மாதான் கிடக்குது. காத்துல சுடற இரை பீரங்கி செஞ்சறலாமுங்களா? இல்ல ட்ரோனே வாங்கிறலாமா?

லேத்துக்காரர்:
பீரங்கி வேண்டவே வேண்டாமுங்க. பைப்புல 6 கேஜின்னு போட்டிருக்கற அழுத்தக் கணக்கு தண்ணிக்கு. தண்ணி அமுங்காது, அதனால பைப்பு வெடிச்ச உடனே அழுத்தம் இறங்கிரும். காத்து அமுங்கி நிக்கறது. விரிசல் விட்டா மொத்தமும் ஒரே நேரத்துல விரியும், பிவிசி சில்லு சில்லா செதறும். வெயில்ல கிடந்த பைப்புன்னா இன்னும் மோசம். அதுல வேற, பச்சை இறால் அந்த உதைக்கே கூழாயிரும். கடற்கரையில அந்தச் சத்தத்துக்கு வர்ற கூட்டத்துக்குப் பதில் சொல்றது தனி வேலை.

ட்ரோன்ல 250 கிராமுக்குள்ள இருக்கற குட்டி ரகம் 120 கிராம் ஈயத்தையும் இரையையும் தூக்காது. பெருசுன்னா பதிவு எண் வேணும், அந்த இடம் பறக்க விடற மண்டலமான்னு அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்புல பாக்கணும். ரீல்ல நரம்பு ஒரு இடத்துல சிக்கினாப் போதும், ட்ரோன் நேரா தண்ணிக்குள்ள.

அலைவாய்:
தம்பி, குறை உங்க கையில இல்ல, சாமான்லதான். 8 அடி ராடு மேல எத்தனை கிராம் வரைக்கும்னு எழுதியிருக்கும், பாருங்க. குளத்து ராடு பெரும்பாலும் 40 கிராமுக்குள்ளதான் இருக்கும். 60 கட்டி முழு வேகத்துல வீசினா ராடு ஒடியும்.

வாங்கறதுன்னா 12 அல்லது 13 அடி சர்ஃப் ராடு (கடற்கரையில இருந்து தூரமா எறியற ராடு), 100ல இருந்து 150 கிராம் வரைக்கும் எறியறது. ரீல் 6000ல இருந்து 8000. நரம்பு 30 பவுண்டு இழுவை தாங்கற பிரெய்டு (பின்னின நரம்பு), 300 மீட்டர். ஸ்பூல், அதாவது ரீல்ல நரம்பு சுத்தற உருளை, அதோட விளிம்புக்கு 2 மில்லி கீழ வரைக்கும் நிரப்புங்க. குறைச்சலா சுத்தினா விளிம்புல உரசித் தூரம் போகாது, வழிய வழிய சுத்தினா கொத்தா வந்து சிக்கும்.

பிரெய்டை நேரா ஈயத்துல கட்டிராதீங்க, நடுவுல லீடர் வேணும், அதாவது எறியற உதையைத் தாங்கற தடி நரம்புத் துண்டு. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டுங்கறது கணக்கு. 120 கிராம்னா நாலு அவுன்சுக்குக் கொஞ்சம் மேல, அதனால 50 பவுண்டு நரம்பு. நீளம் ராடு மாதிரி ரெண்டு மடங்கு, அதோட ஸ்பூல்ல அஞ்சாறு சுத்து: 12 அடி ராடுக்கு 9 மீட்டர் ஆகும். பிரெய்டையும் லீடரையும் சேக்க எஃப்ஜிங்கற ஒல்லி முடிச்சு போட்டா ராடு வளையத்துல தட்டாமப் போகும். எறியறப்ப டிராக்கை (மீன் இழுத்தா நரம்பை விட்டுக் குடுக்கற ரீல் திருகு) முழுசா இறுக்கிருங்க, விரலுக்கு உறை மாட்டுங்க. டிராக் லூசா இருந்து ஸ்பூல் சுத்துச்சுன்னா பிரெய்டு விரலை அறுத்துரும். ஈயம் கடல்ல விழுந்த பொறகு மறக்காம லூஸ் பண்ணுங்க.

தூரத்தை முழுங்கறது இரைதான். ஈயம் முன்னால போக, பின்னால ஒரு முழம் நரம்புல இறால் சுழண்டுக்கிட்டே வந்தா அது காத்தைப் பிடிச்சு நிறுத்தும். ஈயத்துக்கு மேல ஸ்டெயின்லெஸ் கம்பியில ஒரு சின்னக் கொக்கி வளைச்சுக்கங்க. தூண்டில் முள்ளை அதுல தொங்கவிட்டு, முள் நரம்பு லேசா விறைப்பா நிக்கற அளவுக்கு நீளம் வெச்சாப் போதும். பறக்கறப்ப இரை ஈயத்தை ஒட்டியே போகும். தண்ணியில அடிச்சதும் விறைப்பு தளர்ந்து முள் தானா கழண்டுக்கும். விறைப்பு பத்தலைன்னா பாதி வழியிலயே கழண்டுரும், அதிகமாச்சுன்னா கழலவே கழலாது.

இறாலை முந்தின ராத்திரியே கல்லுப்புல போட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சா சதை இறுகும். பொறகு திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள்ல கிடைக்கற மெல்லிசு லைக்ரா நூலால பத்துப் பதினஞ்சு சுத்து. முடிச்சே வேண்டாம், இழுத்து அத்து விட்டா தானா பிடிச்சுக்கும். தடியா சுத்தாதீங்க, விரல் மாதிரி ஒல்லியா நீளமா இருக்கணும். மத்தின்னா துண்டு போட்டு இதே மாதிரி.

எறியறது: ஈயத்தைப் பின்னால மணல்ல படுக்க வெச்சு, ராடு நுனியில இருந்து ராடு நீளத்துல பாதிக்கு நரம்பு விட்டு, மெதுவா ஆரம்பிச்சுக் கடைசியில வேகம் கூட்டுங்க. மேல் கை தள்ளணும், கீழ் கை நெஞ்சுக்கு இழுக்கணும். வெடுக்குனு சொடுக்கினா நரம்பு அறும். அறுந்து போற 120 கிராம் ஈயம் ஆளைக் கொல்லும். பின்னாலயும் ரெண்டு பக்கமும் யாரும் இல்லைன்னு பாத்துத்தான் எறியணும்.

காத்தாடி:
காத்தைப் பத்தி யாருமே சொல்லலையே. மார்கழி, தை மாசத்துல பாலக்காட்டு இடைவெளி வழியா கெழக்கால இருந்து வர்ற காத்து பொன்னானிப் பக்கம் கடலைப் பாத்து வீசும். நமக்கு முதுகுப் பக்கம். விடியக்காலையில எறிஞ்சா சும்மாவே கூடப் போகும். அந்தக் காத்துல பட்டமும் விடலாம்: பட்டத்துக்குத் தனி நூல், தனிச் சுருள். பட்டம் நல்லா நின்னதும் நூல்ல ஒரு துணி கிளிப்பைக் கட்டி, அதுல தூண்டில் நரம்பைக் கவ்வ வெச்சு, ரெண்டையும் ஒண்ணா விடுங்க. வேணும்கிற தூரம் போனதும் நரம்பைச் சுண்டினா இரை விழும். பட்டத்தை இழுத்துக்கலாம். இதுக்கு ஈயம் 30 கிராமே போதும். பலூன் கட்டறவங்களும் உண்டு. அது அத்துக்கிட்டுப் போனா கடல்ல குப்பைதான், அதனால வேண்டாம். ஆனி, ஆடியில காத்து மூஞ்சிக்கு அடிக்கும், இதெல்லாம் நடக்காது.

ட்ரோனுக்கு இதே காத்துதான் எமன். போறப்ப தள்ளிவிடும், திரும்பறப்ப பேட்டரி பாதியில நிக்கும்.

குளத்துமேட்டான்:
சரிங்ணா, பீரங்கி, ட்ரோன் ரெண்டும் இல்ல. ராடு வாங்கறவரைக்கும் இருக்கறதை வெச்சு என்ன பண்றதுங்க?

அலைவாய்:
40 கிராம் ஈயம், உப்புப் போட்ட சின்ன இறால், முள்ளைத் தொங்கவிடற அந்தக் கம்பிக் கொக்கி. தண்ணி வத்தி இருக்கறப்ப போய்க் கரையைப் பாருங்க. அலை வெள்ளையா உடையற வரிக்கும் கரைக்கும் நடுவுல நிறம் கருத்து, அலை உடையாம ஒரு பட்டை இருந்தா அது பள்ளம். இரை அங்க விழுந்தாச் சரி, பெரும்பாலும் முப்பது நாப்பது மீட்டருக்குள்ளதான் இருக்கும். கிழங்கான் மீன் காலடியிலயே மேயும். அதைத் தாண்டி 100 மீட்டர் எறிஞ்சவன் வெறும் மணல்ல ஈயத்தை ஊற வெச்சிட்டு நிக்கறதுதான் அதிகம். பக்கவாட்டு நீரோட்டம் ஈயத்தை உருட்டுச்சுன்னா, லேத்துக்காரர்கிட்டச் சொல்லி நாலு கம்பிக் கால் வெச்ச ஈயம் வார்த்துக்கங்க.

லேத்துக்காரர்:
வார்த்துத் தர்றனுங்க. தானே வார்க்கறவங்க அச்சு சொட்டு ஈரமில்லாமக் காஞ்சிருக்கான்னு பாத்துட்டு ஊத்துங்க. ஈரம் இருந்தா உருகின ஈயம் மூஞ்சிக்கே தெறிக்கும். வெளியில, காத்தோட்டமா வெச்சு செய்யுங்க.