உறைபனி விழுந்த காலை: மூணாறு, வட்டவடை, மேல்மலைப் பக்கத்து அனுபவங்கள்

கோவிலூர் தோட்டக்காரன்

உறைபனியில் எங்கள் பீன்ஸ் கருகிப் பத்து நாளாகியும் மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மூணாறு பக்கத்து மலைக் கிராமமான எங்கள் வட்டவடையில் தை மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓடைக்கரை அரை ஏக்கரில் பீன்ஸ் போட்டிருந்தோம், பிஞ்சு விடுகிற பருவம். முந்தின நாள் சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, இலைகூட அசையவில்லை. "இன்னிக்குப் பனி இறங்கும்டா" என்றார் அப்பா. நான் போனைப் பார்த்து, 4 டிகிரிதான் காட்டுகிறது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஆறரைக்குப் போனால் வயல் முழுக்க உப்பைக் கொட்டிய மாதிரி வெள்ளை. இலையெல்லாம் விறைத்துப் போய், ஆனால் பச்சையாகத்தான் இருந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தேன். எட்டு மணிக்கு வெயில் மலையைத் தாண்டி வந்து விழுந்தது. அரை மணி நேரத்தில் ஒவ்வொரு இலையும் வெந்த கீரை மாதிரி கரும்பச்சையாகி, தண்ணீர் விட்டுத் தொங்கிப்போனது. வயலெங்கும் பீன்ஸை வேகவைத்த வாசனை. அந்த வாசனைதான் இன்னும் மூக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருபதடி மேட்டில் இருக்கிற பக்கத்து வயல் பீன்ஸில் ஓர் இலைகூடக் கருகவில்லை. எங்கள் வயலில் ஈரம் காக்கட்டும் என்று காய்ந்த புல்லை மூடாக்காகப் போட்டிருந்தேன். அதுதான் தப்பாகிவிட்டதா?

செண்டுவாரை மகள்

அண்ணே, உங்கள் வாசனை மாதிரி எனக்கு ஒரு சத்தம். 2019 ஜனவரியில் மூணாறில் நாள் கணக்கில் பனி விழுந்ததே, அப்போது நான் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறவர். பனி விழுந்து நாலைந்து நாள் கழித்து அவருக்குச் சோறு கொண்டுபோனேன். பள்ளத்தில் இருந்த தேயிலை முழுக்கச் செம்புப் பாத்திர நிறத்தில் நின்றது. அம்மா ஒரு கொத்து இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். பிறகு மூக்குப்பொடி மாதிரி காற்றில் போய்விட்டது. "இனி தளிர் வந்தாத்தான்" என்றார், அவ்வளவுதான்.

கொழுந்து இல்லையென்றால் கூடுதல் கிலோவுக்கு வருகிற காசு கிடையாது. எங்கள் லைன் வீடுகளில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பள்ளிக்கூடச் செலவும் சீட்டுப் பணமும் அந்தக் காசில்தான் போகும். அதே காலையில் பக்கத்துப் புல்வெளியில் வெள்ளைத் தரையைப் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் சின்ன வயதில் அந்த வெள்ளை பிடிக்கும். அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்த பிறகு பிடிப்பதில்லை.

கவுஞ்சி உழவன்

தம்பி, மூடாக்கேதான். பகல் வெயிலில் மண் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி விடும். அந்தச் சூடுதான் செடியைக் காப்பாற்றுகிறது. காய்ந்த புல்லைப் பரப்பினால் சூடு மேலே வராது, புல்லுக்கு மேலே இருக்கிற இலை இன்னும் குளிர்ந்துவிடும். பனிக்காலத்தில் மண் வெறுமையாக, ஈரமாக இருக்க வேண்டும். போனில் பார்த்த 4 டிகிரி ஆள் உயரத்துக் காற்றின் கணக்கு. தரையை ஒட்டி அதே நேரத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

என் கதையையும் சொல்கிறேன். உருளைக்கிழங்குக்குத் தெளிப்பான் வைத்து ராத்திரி முழுக்கத் தண்ணீர் விடப் பார்த்தேன். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை விடும், அதில் இலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். நாலு மணி வரை நன்றாக ஓடியது. நாலேகாலுக்கு டீசல் தீர்ந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், செடியெல்லாம் கண்ணாடி உறை போட்ட மாதிரி மினுமினுத்தது. அழகாக இருக்கிறதே என்று நின்று பார்த்தேன், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தண்ணீர் நின்ற பிறகு ஈரம் ஆவியாகி இலையின் சூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீரே விடாத பாத்தியைவிட விட்ட பாத்தி மோசமாகக் கருகியது. வெயில் வந்து பனிக்கட்டி தானாக உதிரும் வரை ஓட்ட முடியாது என்றால் மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

பழத்தோட்டம் பேரன்

கவுஞ்சி அண்ணாச்சி சொல்வதில் பாதிதான் சரி. மூடாக்கு மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள். இருபதடி மேட்டில் ஒன்றும் ஆகவில்லை என்று கோவிலூர் அண்ணனே எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா? குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்கள் நிலத்துக்குக் கீழே வரப்போரம் கிராண்டிஸ் மரம் (ஒரு வகை யூகலிப்டஸ்) நெருக்கமாக நின்றது. அது அணை மாதிரி குளிரைத் தடுத்து வைத்துக்கொண்டே இருந்தது, வருஷா வருஷம் கடைசி நாலு பாத்தி போகும். தாத்தா நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு மரம் வெட்டி வழி விட்டார். அடுத்த தையில் ஒரு பாத்திதான் கருகியது. கோவிலூர் அண்ணே, உங்கள் வயலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

மறையூர் முன்னாள் ராணுவம்

பயிரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். எனக்கு மனுஷர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி ராத்திரி ஒன்றில் என் சித்தி வீட்டில் கரிச்சட்டியை உள்ளே வைத்து, குளிர் நுழையாதபடி கதவு இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். காலையில் பால்காரர் தட்டியும் திறக்கவில்லை. நான் கூரை ஓடுகளைப் பிரித்துத்தான் இறங்கினேன். சித்தியின் கன்னத்தைத் தட்டத் தட்ட தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துணி மாதிரி சாய்ந்தது. தூக்கி வெளியே போட்டோம், ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார்கள்.

நான் கார்கில் பக்கம் திராஸில் இரண்டு குளிர்காலம் இருந்தவன். பத்தாயிரம் அடிக்கு மேலே, இடுப்பளவு பனி விழுகிற ஊர். அங்கே வீட்டுக்குள் புகாரி என்று ஓர் அடுப்பு எரியும், ஆனால் அதற்குக் கூரைக்கு வெளியே போகும் குழாய் உண்டு. ராத்திரி புகாரியை அணைத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. காலையில் முதல் வேலை குழாய் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டாவது கூரைப் பனியைத் தள்ளுவது. லடாக்கில் வீட்டின் மேல்தளத்தில் வைக்கோலை அடுக்கி, கீழ்த்தளத்தில் மாட்டைக் கட்டுவார்கள். மாட்டுச் சூடு மேலே ஏறும், வைக்கோல் அந்தச் சூட்டை வெளியே விடாது.

நம் பக்கம் ஆட்கள் புகை இல்லாத கரி நல்ல கரி என்று நினைக்கிறார்கள். புகை கண்ணைக் கரித்தாலாவது எழுந்து ஓடுவீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனுக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். தலை வலிக்கிறதென்று சுக்குக் காப்பி போட உட்காராதீர்கள், முதலில் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். கரிச்சட்டியில் கை காய்ந்த பிறகு அதை வாசலில் வைத்துவிட்டுப் படுங்கள். அறையைச் சூடாக்க ஆசைப்படாமல் உடம்பைச் சூடாக வையுங்கள்: தரையில் வைக்கோல், மேலே பாய், காலில் உறை, தலையில் குல்லா. குழந்தைகள் நடுவில் படுக்கட்டும். வாடகைக்கு அறை விடுகிறவர்கள் விருந்தாளி எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே கரி கொடுக்காதீர்கள். ஜன்னலில் நாலு விரல் இடைவெளி இருந்தால் குளிரில் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

குண்டளை அக்கா

ராணுவ அண்ணன் சொன்னதை எங்கள் லைனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எனக்குக் கன்றுக்குட்டிதான் மறக்கவில்லை. பிறந்து ஆறு நாள். சாக்கைப் போர்த்தித்தான் விட்டிருந்தேன், ஆனால் கீழே சாணி ஈரம். காலையில் போனால் முதுகு சூடாக இருக்கிறது, வயிறு சில்லென்று இருக்கிறது. மேலே போர்த்துவதைவிடக் கீழே காய்ந்த புல் போடுவதுதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் சாயங்காலமே தரையைத் துடைத்துவிட்டுத்தான் கட்டுகிறேன்.

கோவிலூர் தோட்டக்காரன்

பழத்தோட்டம் தம்பி, நீங்கள் கேட்ட பிறகுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஓடையோரம் எங்கள் வேலி முழுக்கத் தகரம், இரண்டு வருஷம் முன்பு காட்டுப்பன்றிக்காக நான் அடித்தது. அதற்கு முன்பு கம்பிதான் இருந்தது, அந்த வயலில் இவ்வளவு கருகியதும் இல்லை. இன்றைக்கு நாலு தகரத்தைக் கழற்றிக் கம்பி கட்டியிருக்கிறேன். மூடாக்கையும் வாரி மாட்டுத் தொழுவத்துக்குப் போட்டாயிற்று.

அப்பாவுக்கு இன்னும் தூக்கம் பிடிப்பதில்லை. நேற்றும் மூன்று மணிக்கு எழுந்து போய் ஜீப்பின் கூரையை விரலால் இழுத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தால் வந்து படுப்பார், சொரசொரப்பாக இருந்தால் என்னை எழுப்புவார். நேற்று என்னை எழுப்பவில்லை.