டைப் பண்ணா வேற விண்டோவுல போகுது

குழு: நம்ம வீடு

மஞ்சு சித்தி: விண்டோஸ் 11-ல ரெண்டு விண்டோவை ஒட்டி வச்சா எது ஆக்டிவ்னே தெரியல. ரெண்டு தலைப்பும் வெள்ளை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், கலர்ஸ்ல அக்சென்ட் கலர் (விண்டோஸ் அங்கங்க பூசற நிறம்) காட்டறதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கு, அமுங்கவே மாட்டேங்குது.

கார்த்தி: அது ஸ்டார்ட்டுக்கும் டாஸ்க்பாருக்கும் உள்ளது சித்தி. லைட் மோடுல மங்கலாத்தான் கிடக்கும். அதுக்குக் கீழயே டைட்டில் பார், விண்டோ பார்டர்னு இன்னொண்ணு இருக்கு பாருங்க, அதைப் போடுங்க.

கார்த்தி: அப்படியே மேல அக்சென்ட் கலரை மேனுவலுக்கு மாத்திடுங்க. ஆட்டோமேட்டிக்ல விட்டா வால்பேப்பர்லேர்ந்து நிறம் எடுக்கும். வால்பேப்பர் மாறுறப்போ தலைப்பு நிறமும் மாறிடும், கண்ணு பழகாது.

மஞ்சு சித்தி: சிலதுல வருது. பிரவுசர்ல வரல.

கார்த்தி: பிரவுசர் மாதிரி சிலது தலைப்பைத் தானே வரைஞ்சுக்கும், விண்டோஸ் சொல்றதைக் கேக்காது. அதுங்களுக்கு ஓரத்துல 1 பிக்சல் கோடுதான் மிச்சம். அதனால வெளிர் நிறம் வேண்டாம், நல்லா அழுத்தமா ஒண்ணு எடுங்க. டாஸ்க்பாரையும் பாருங்க: ஆக்டிவா இருக்கிற ஐகானுக்குக் கீழ கோடு நீளமா இருக்கும், மத்ததுக்குக் குட்டியா.

செல்வம் பெரியப்பா: ஆக்டிவை மினுக்கறதை விட மத்ததை மங்க வைக்கிறதுதான் கண்ணுக்குச் சுகம். என் லினக்ஸ்ல இருக்கிற கேடிஇ டெஸ்க்டாப்ல அதுக்குன்னே இருக்கு. சிஸ்டம் செட்டிங்ஸ்ல டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ், அதுல டிம் இன்ஆக்டிவ். ஒரே ஆப்போட ரெண்டு விண்டோவும் சேர்ந்து பளிச்சுனு நின்னா, குரூப்புக்கான டிக்கை எடுத்துடணும்.

மஞ்சு சித்தி: அத்தான், என்கிட்ட விண்டோஸ்தான்!

கார்த்தி: விண்டோஸ்ல மங்கல் கிடையாது, ஆனா ஆக்டிவ் இல்லாத தலைப்புக்குத் தனி நிறம் குடுக்கலாம். செட்டிங்ஸ்ல இருக்காது, விண்டோஸ் தன் உள் அமைப்பையெல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியிலதான். ரெஜெடிட் திறந்து எச்கீ கரன்ட் யூசர் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > டிடபிள்யூஎம். அந்த ஃபோல்டரை முதல்ல எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. அப்புறம் 32 பிட் டிவேர்ட் (DWORD, ஒரு எண்ணை வைக்கிற இடம்) ஒண்ணு புதுசா போட்டு, அக்சென்ட்கலர்இன்ஆக்டிவ்னு (AccentColorInactive) இடைவெளி இல்லாம பேர் குடுங்க. நீலச் சாம்பலுக்கு 607080. முன்னாடி எஃப்எஃப் சேர்க்கணும், ஹெக்ஸாடெசிமல்ல இருக்கணும். உடனே மாறலைன்னா சைன் அவுட் பண்ணிட்டு வாங்க.

தேவி அக்கா: மேக்ல இந்தப் பாடெல்லாம் இல்ல. சிவப்பு, மஞ்சள், பச்சை பட்டன் நிறத்தோட இருந்தா அதுதான் ஆக்டிவ்.

செல்வம் பெரியப்பா: அக்சென்ட் கலர் கிராஃபைட்டா இருந்தா அதுவும் போச்சு தேவி. மூணு பட்டனும் சாம்பலாயிடும்.

தேவி அக்கா: ஆமா பெரியப்பா, அதை மாத்திடணும். ஆக்டிவ் இல்லாத விண்டோவோட பட்டன் மேல மவுஸ் போனாலும் நிறம் வந்துடும், அதை நம்பக்கூடாது. இன்க்ரீஸ் கான்ட்ராஸ்ட் போட்டா எல்லா விண்டோவுக்கும் ஓரக்கோடு வரும், ஆனா எது ஆக்டிவ்னு சொல்லாது. மத்ததை மங்க வைக்க ஹேஸ்ஓவர்னு ஒரு ஆப் இருக்கு.

மஞ்சு சித்தி: மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் ஆப்ல விண்டோவைச் சுத்தி பார்டர் வரும்னு சொல்றாங்களே?

கார்த்தி: அது பின் பண்ணதுக்கு. விண், கண்ட்ரோல், டி (T) மூணும் அமுக்கினா அந்த விண்டோ எப்பவும் மேலயே நிக்கும், கோடும் அதோடயே நிக்கும். நீங்க வேற விண்டோவுல டைப் பண்ணாலும் கோடு அங்கேயேதான். இருக்கிற குழப்பம் போதும் சித்தி.

கார்த்தி: அவசரத்துக்கு விண் + ஹோம். ஆக்டிவ் மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் கீழ போயிடும். திரும்ப அமுக்கினா வந்துடும்.

மஞ்சு சித்தி: ரெஜிஸ்ட்ரியில போட்டு சைன் அவுட் பண்ணி வந்தாச்சு. நீலச் சாம்பல்னு சொன்னே, பழுப்பா நிக்குது.

கார்த்தி: ஐயோ, என் தப்பு. அங்க சிவப்பு கடைசியில, நீலம் முன்னாடி. ஜோடி ஜோடியா திருப்பிப் போடணும். 60, 70, 80 இல்ல, 80, 70, 60. எஃப்எஃப் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்.

மஞ்சு சித்தி: ம், இப்போ சரி.