பனியில கருகுன தொட்டி பே மரம், பொழைக்குமா?

வியாசை மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். செடி எங்க வீட்டுது இல்ல, இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்குற எங்க அக்காவோடது. வியாசர்பாடில மாடி முழுக்க தொட்டி வெச்சிருக்கேன்னு குடும்பத்துல யார் வீட்டு செடி வாடுனாலும் போட்டோ எனக்குத்தான் வரும், ஆனா பனி அடிச்ச மரத்துக்கு நான் இன்னா சொல்றது, மார்கழில 20 டிகிரி வந்தாலே மங்கி குல்லா தேடுற ஊரு நம்மளுது.

விஷயம் இதான். வாசல் பக்கத்துல பெரிய தொட்டில பே (bay) மரம், சமையலுக்கு வாசனை இலை பறிக்கிற மரம், ஒத்தை தண்டு நேரா போயி மேல பந்து மாதிரி வெட்டிவிட்ட டைப், அக்கா நெஞ்சு உயரம் இருக்கும். ஜனவரில ராத்திரி ராத்திரி மைனஸ்ல போயி தொட்டி மண்ணே இறுகிடுச்சாம். இப்போ பிப்ரவரி கடைசி, பாதிக்கு மேல இலை டீத்தூள் கலர்ல மொறுமொறுன்னு ஆயிடுச்சு ஆனா உதிரல, அடித்தண்டுல பட்டை ஒரு சாண் நீளத்துக்கு வெடிச்சு உரிஞ்சு நிக்குது. மாமா அடியோட அறுத்துட்டு வேற வாங்கலாம்னு நிக்கிறாரு, அக்கா விடமாட்டேங்குது, அம்மா அங்க போயிருந்தப்போ அதுல இலை பறிச்சு பிரியாணிக்கு போட்டாங்க, அதனால அதுக்கு அந்த மரத்து மேல ஒரு இது. உரம் கிரம் போட்டா தேறுமா? இப்பவே கவாத்து பண்ணலாமா?

கொடுங்கையூர் கீரைக்கட்டு:
பிரியாணி இலை மரமா ப்ரோ, சூப்பர். நம்ம கருவேப்பிலையும் தை மாசம் இப்டித்தான் மூஞ்சை தூக்கிட்டு நிக்கும், புளிச்ச மோர் தண்ணி கலந்து ஊத்துனேன் சும்மா குபுகுபுன்னு வந்துச்சு. அக்காவையும் ஊத்த சொல்லுங்க, அங்க தயிர் கிடைக்காமயா போயிடும்.

ராயபுரம் டு லீட்ஸ்:
மொதல்ல மாமா கைல இருக்குற ரம்பத்தை வாங்கி உள்ள வைக்க சொல்லுங்க பாஸ்.

இலை காய்ஞ்சா மரம் செத்துடுச்சுன்னு கிடையாது. இது மத்திய தரைக்கடல் பக்கத்து மரம், தரைல வேரூன்டி நிக்குறது மைனஸ் 5, அதுக்கு கொஞ்சம் கீழ கூட தாங்கும். தொட்டில இருக்குறது அவ்ளோ தாங்காது, சுத்தி நாலு பக்கமும் குளிரு நேரா வேரை புடிக்கும்ல. மண்ணுல இருக்குற தண்ணி உறைஞ்சுட்டா வேரால உறிய முடியாது, ஆனா இது குளிர்காலத்துலயும் இலையோட நிக்குற மரம், காத்து அடிக்க அடிக்க இலைல இருந்து ஈரம் போயிட்டே இருக்கும். சுத்தி தண்ணி இருந்தும் தாகத்துல காயுறதுதான் அந்த டீத்தூள் கலரு. இங்க 2022 டிசம்பர்ல அடிச்ச குளிர்ல என் தெருவுலயே பாதி வாசல்ல இந்த கோலம்தான்.

இப்போ பண்ண வேண்டியது, நகத்தால பட்டையை லேசா சுரண்டி பாக்கணும், மேல குச்சில ஆரம்பிச்சு கீழ இறங்கிட்டே வரணும். உள்ள ஈரமா பச்சையா இருந்தா உயிர் இருக்கு, காஞ்சு பழுப்பா இருந்தா அந்த பகுதி போச்சு. பட்டை வெடிச்சதை பாத்து பயப்படாதீங்க, பே மரத்துக்கு கடுங்குளிர்ல அடித்தண்டுல இது சகஜம், உள்கட்டை கெட்டியா இருந்து மேல துளிர் வந்துட்டா அதுவா ஆறிடும். பெயின்ட், மெழுகு எதுவும் பூச வேணாம்.

கவாத்து இப்போ கூடவே கூடாது. வெட்டுனா துளிர் கிளம்பும், இங்க மே பாதி வரைக்கும் ராத்திரி பனியை நம்ப முடியாது, வந்த துளிரும் கருகிடும். காய்ஞ்ச இலை உள்மொட்டுக்கு ஒரு மறைப்பு, அசிங்கமா இருந்தாலும் இருக்கட்டும்.

உரமும் வேணாம், மோரும் வேணாம் (கீரைக்கட்டு கோச்சுக்காதீங்க, சென்னை வெயில்ல கருவேப்பிலைக்கு ஊத்துங்க). வேர் வேலை செய்யாதப்போ உரம் போடுறது காய்ச்சல்ல கிடக்குறவனுக்கு பிரியாணி ஊட்டுற கதை. துளிர் நல்லா வந்தப்புறம் கொஞ்சமா போடலாம்.

அப்புறம் பிரியாணி இலைன்னதும் ஞாபகம் வருது, நம்ம ஊர் மளிகை கடைல விக்கிறது லவங்கப்பட்டை மரத்தோட ஒண்ணுவிட்ட சொந்தம், அந்த இலைல காம்புல இருந்து மூணு நரம்பு நீளமா ஓடும். பே இலைல நடுவுல ஒண்ணுதான். ரெண்டுமே சமையலுக்கு ஆகும். ஆனா இங்க வேலிக்கு வைக்குற செர்ரி லாரல்னு ஒண்ணு பாக்க கிட்டத்தட்ட இப்டியே இருக்கும், அது விஷம், மாமா புதுசு வாங்குறேன்னு அதை தூக்கிட்டு வந்துட போறாரு.

தண்டையார்பேட்டை ஆயா:
தம்பி, அந்த தொட்டியை வீட்டுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல வெச்சா என்னப்பா? பாவம் வாயில்லா ஜீவன்.

ராயபுரம் டு லீட்ஸ்:
வேணாம் ஆயா, ஹீட்டர் ரூம் காத்து ரொம்ப காய்ஞ்சது, வெளிச்சமும் பத்தாது, மிச்ச இலையும் கொட்டிடும். வீட்டு செவுத்தை ஒட்டி காத்து அடிக்காத மூலைக்கு நகர்த்துனா போதும். தொட்டியை சுத்தி பபிள் ராப், பனி விழுற ராத்திரி மட்டும் தலைக்கு ஃப்ளீஸ் துணி, செடிக்கு போத்துறதுக்குன்னே விக்கிற மெல்லிசு துணி. தொட்டிக்கு அடில செங்கல் துண்டு வெச்சு தூக்கி விடணும், ஓட்டை அடைச்சு தண்ணி நின்னா குளிரை விட அதுதான் வேரை சீக்கிரம் அழுக வைக்கும்.

வியாசை மொட்டைமாடி:
அண்ணே ரொம்ப தேங்க்ஸ். அக்கா வீடியோ கால்ல சுரண்டி காட்டுச்சு. மேல பந்து பூரா பழுப்பு, தண்டுல முழங்கால் உயரம் வரைக்கும் நல்ல பச்சை, வெடிப்பு அதுக்கு கொஞ்சம் மேல இருக்கு. அடில மண்ணை ஒட்டி ரெண்டு சின்ன குருத்து வேற, பச்சையா இருக்கு. ஒட்டு மாங்கன்னுல கீழ வர்றதை கிள்ளி போடுவோமே, இதையும் கிள்ளணுமா?

ராயபுரம் டு லீட்ஸ்:
அய்யோ கிள்ளாதீங்க. பே மரம் பெரும்பாலும் ஒட்டு கட்டுறது இல்ல, பதியன் இல்லைன்னா குச்சி வெச்சு வளக்குறது, அடில வர்ற குருத்தும் அதே பே தான். மே கடைசில பச்சை இருக்குற இடம் வரைக்கும் வெட்டிட்டு, குருத்துல நல்லா நிமிந்து வர்றதை புது தண்டா விட சொல்லுங்க. பந்து ஷேப் திரும்ப வர சில வருஷம் ஆகும், மெதுவா வளர்ற ஜாதி. புதரா விட்டா சீக்கிரம் அடர்த்தியாகும், எனக்கு கேட்டா புதர்தான் அழகு. வேர் தொட்டியை சுத்திக்கிட்டு இருந்தா அப்பவே ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாத்தி, ஜான் இன்னஸ் நம்பர் 3னு இங்க கடைல விக்கிற மண்கலவை போட்டுக்கட்டும்.

கொடுங்கையூர் கீரைக்கட்டு:
அப்போ மோர் வேணாமா 😀