பிள்ளையின் மனநல சிகிச்சைக்கு இடையில் சாட்பாட் கொடுக்கலாமா, அவள் சொல்வது வெளியே போகாதா?

தோட்டத்து அம்மா:
நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் லயன் வீட்டு வரிசைக்கு மேலே மண் சரிந்தது, அதிலிருந்து என் மகளுக்கு மழைச் சத்தம் கேட்டாலே நடுக்கம், இரவில் தூக்கமே இல்லை. வயது 11. மனநல கிளினிக்கில் காட்டுகிறோம், டாக்டர் பொறுமையாகப் பேசுகிறார், ஆனால் மாதம் ஒரு தடவைதான் போக முடிகிறது, போகிற அன்று எனக்குப் பேரும் (அன்றைய நாள் சம்பளம்) இல்லை. இடையில் அவள் மனம்விட்டுப் பேச சாட்பாட் ஒன்றைக் கொடுக்கலாம் என்கிறான் தம்பி. அவள் சொல்வதெல்லாம் எங்கே போகும்? லயனில் தெரிந்தால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று கதை கட்டிவிடுவார்கள்.

ஹட்டன் ஐடி:
அக்கா, முதலில் வயது. சாட்ஜிபிடி 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும். எழுதுவதெல்லாம் கம்பெனி சர்வருக்குப் போகும், செட்டிங்ஸில் நிறுத்தாவிட்டால் பதில் சொல்கிற ஏஐ மாடலைப் பழக்கவும் எடுத்துக்கொள்வார்கள். தற்காலிக சாட்டில் அப்படி எடுப்பதில்லை, ஆனால் 30 நாள் வரை பிரதி இருக்கலாம். எதுவுமே வெளியே போகக் கூடாது என்றால் ஒல்லாமா என்ற மென்பொருளைப் போட்டு லேப்டாப்பிலேயே மாடலை ஓட்டலாம், ஒரு தடவை இறக்கிய பிறகு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் சாதாரண லேப்டாப் தாங்கும் சின்ன மாடல்களின் தமிழ் ரொம்பத் தடுமாறும், தப்பாக ஏதாவது சொன்னாலும் பார்க்க ஆளில்லை. அப்புறம், மனநலத்துக்கென்றே வந்த வோபாட் செயலியை 2025 ஜூனில் மூடிவிட்டார்கள். பிள்ளை பழகிய பிறகு அப்படி நின்றுபோனால் என்ன செய்வது?

பதுளை தாதி:
சர்வர் இருக்கட்டும் தங்கச்சி, வீட்டில் ஒரே போனை எத்தனை பேர் எடுக்கிறீர்கள்? கேம் விளையாட எடுக்கிற பையன் பழைய சாட்டைத் திறந்தால் போதும், லயன் முழுக்கத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப் பயந்த பிள்ளைகள் "இன்றைக்கு மலை சரியுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். சரியாது என்றால் கொஞ்ச நேரம் ஆறுதல், பிறகு மறுபடியும் அதே கேள்வி, அப்படியே பயம் ஊன்றிப்போகும். நாம் ஒரு கட்டத்தில் அணைத்துத் தூங்க வைப்போம், சாட்பாட்டுக்குக் களைப்பே கிடையாது, விடிய விடியப் பதில் சொல்லும். அதோடு உங்கள் மலைச்சரிவு நிஜமாகவே ஆபத்தா என்பது அதற்குத் தெரியாது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அவள் கை நடுங்குவதையும் அது பார்க்காது.

டாக்டர் சரி என்றால், பிள்ளையிடம் கொடுக்காமல் சாட்பாட்டை நீங்களே பயன்படுத்துங்கள். பேர், தோட்டம், பள்ளிக்கூடம், மருந்து எதையும் எழுதாமல், மழை இரவில் சொல்லிக்கொடுக்க மூச்சுப் பயிற்சியைக் கதை மாதிரிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டு உங்கள் வாயால் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணி நேரமும் இருக்கும், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் மாதிரி ஏதாவது பிள்ளை சொன்னால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

தோட்டத்து அம்மா:
அந்தக் கேள்வியைத்தான் அக்கா தினமும் கேட்கிறாள், நானும் சரியாது சரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம் என்று இந்தக் கிளினிக்கில் டாக்டரிடம் கேட்கிறேன். போனுக்கு இன்றைக்கே பூட்டுப் போடச் சொல்கிறேன் தம்பியிடம்.