மூளை ஸ்கேன்ல வளையம் மாதிரி கட்டி தெரிஞ்சா எல்லாம் கேன்சர்தானா? வார்டுல பார்த்ததைச் சொல்லுங்க

ஈரோடு வார்டு சிஸ்டர்:
தாராபுரம் பக்கத்து அம்மா, 42 வயசு. வலிப்பு வந்து எம்.ஆர்.ஐ. எடுத்ததுல ஒரு வளையம், சுத்தியும் நீர்வீக்கம். அங்கேயே யாரோ "கேன்சர்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. பையன் ஃபிலிம் கவரை இடுக்கிக்கிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க"ன்னு நின்னது இன்னும் கண்ணுலயே இருக்குதுங்க. பயாப்ஸில, அதாவது கட்டியில துண்டு எடுத்துப் பார்த்ததுல வந்தது டியூபர்குலோமா, டிபி கட்டி. மாத்திரையில கரையுற சமாச்சாரம். அதுக்குள்ள காட்டை விலை பேசியாச்சு.

கோவை ஸ்கேன் ரூம்:
அக்கா சொன்னதைப் படிச்சுட்டு, வளையம்னாலே டிபின்னு நிம்மதியா இருந்துறாதீங்க. பல்லடத்துப் பெரியவர் ஒருத்தருக்கு அப்படி நினைச்சுத்தான் டிபி மருந்து ஓடுச்சு. நெஞ்சு சி.டி. எடுத்தப்பத்தான் நுரையீரல்ல கேன்சர் ஆரம்பிச்ச கட்டி தெரிஞ்சது. பெரியவங்க மூளைக்கட்டிகள்ல வேற உறுப்புல இருந்து பரவினதுதான் அதிகம்: நுரையீரல், மார்பகம், சிறுநீரகம். வெள்ளைப் பகுதியும் சாம்பல் பகுதியும் சேர்ற இடத்துல நாலஞ்சு உருண்டை இருந்தா மொதல்ல நெஞ்சையும் வயித்தையும் பாருங்க. ஒரே வளையம், சுவர் தடிச்சு கோணல்மாணலா, ரெண்டு பக்க மூளையையும் இணைக்கிற கார்பஸ் கலோசம் வழியா அந்தப் பக்கமும் தாண்டியிருந்தா கிளையோபிளாஸ்டோமா, அதாவது மூளையிலேயே உண்டாகுற வேகமான கேன்சர்னு சந்தேகம். எம்.ஆர்.ஐ.யோட டிஃப்யூஷன் படத்துல நடுப்பகுதி பளிச்சுன்னு, கூட வர்ற ஏ.டி.சி. படத்துல கருப்பா இருந்தா சீழ்க்கட்டி. 20 மி.மீ.க்குள்ள, உள்ளே ஒரு புள்ளியோட இருந்தா நாடாப்புழு நீர்க்கட்டி. கட்டிக்குள்ள இருக்குற ரசாயனத்தைக் காட்டுற ஸ்பெக்ட்ராஸ்கோபில, கேன்சர்ல ஏறுற கோலின் ஏறாம, கிராஃப்ல 1.3 பி.பி.எம். இடத்துல கொழுப்பு மட்டும் தூக்கினா டிபி பக்கம் சாயலாம். இதுல எதையும் தனியா வெச்சு முடிவு பண்ண முடியாது, திசு வேணும்.

கோவை பயாப்ஸி லேப்:
திசு வேணும்னா அதை ஒழுங்கா அனுப்பணுமில்லைங்க. ஒரு ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி (ஸ்கேன் வெச்சு இடம் குறிச்சு ஊசியில எடுக்கிறது), அரிசி மணி அளவுல மூணு துண்டு, மூணும் ஃபார்மலின்ல, திசு கெடாம வைக்கிற மருந்துல முங்கி வந்துச்சு. டிபில வர்ற மாதிரி செல் திரள், கிரானுலோமா தெரியுது, கிருமியை வளர்க்க, அதாவது கல்ச்சர் போட ஒண்ணுமில்லை. ஃபார்மலின்ல கிருமி செத்துரும், எந்த மருந்துக்கு அடங்கும்னு வளர்த்துப் பார்க்க வழியில்லாம போச்சு. உறைய வெச்சு உடனே பார்க்குற ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு சலைன்ல நனைச்சுப் பிழிஞ்ச காஸ் துணியில சுத்தி உடனே அனுப்புங்க. இன்னொரு துண்டு ஸ்டெரைல் டப்பால, ரெண்டு சொட்டு சலைனோட மைக்ரோபயாலஜிக்கு. மிச்சம் 10 சதவீத ஃபார்மலின்ல, திசுவைப் போல பத்து மடங்கு ஊத்தி. நடுவுல செத்துப்போன பகுதியை மட்டும் எடுத்து அனுப்பினா பேரு சொல்ல முடியாது, வளையத்தோட சுவர்லயும் எடுங்க.

பொள்ளாச்சி ஐ.சி.யூ.:
எல்லாரும் சொல்லாம விட்டது டெக்ஸாமெத்தசோன், வீக்கத்தை இறக்குற ஸ்டீராய்டு மருந்து. 60 தாண்டின அம்மா, மூளைக்குள்ள நீர் இருக்குற வென்ட்ரிக்கிள் அறை ஓரமா ஒரே சீரா மின்னுற கட்டி. வெளியில அஞ்சு நாள் டெக்ஸா போட்டுட்டாங்க. பயாப்ஸிக்கு முந்தின நாள் ஸ்கேன் எடுத்தா கட்டியைக் காணோம்! வீட்டுக்காரங்க பழனிக்கு மொட்டை போடக் கிளம்பிட்டாங்க. அது லிம்ஃபோமா, வெள்ளணு வகையில வர்ற கேன்சர். ஸ்டீராய்டுல அந்தச் செல்லுக உருகிரும், அப்புறம் திரும்ப வரும். மறுபடி வளர்ந்த பின்னாடிதான் திசு எடுக்க முடிஞ்சது.

ஈரோடு வார்டு சிஸ்டர்:
அதுக்காக எல்லாருக்கும் டெக்ஸாவை நிறுத்திறக் கூடாதுங்க தம்பி. பரவின கட்டியிலயும் கிளையோமாவிலயும் (மூளையிலேயே உண்டாகுற கட்டி) வீக்கத்தை இறக்குறதே அதுதான். லிம்ஃபோமா சந்தேகம் இருந்து, ஆளும் தெளிவா இருந்தா மட்டும் பயாப்ஸி வரைக்கும் தள்ளி வைக்கலாம். மயக்கம் கூடுது, ஒரு பக்கக் கண்ணுப் பாப்பா விரியுதுன்னா காத்திருக்கவே கூடாது. மூளை அழுத்தத்தைக் குறைக்கிற மேனிடால் உடனே போகணும், டாக்டர் சொன்னா டெக்ஸாவும். டெக்ஸா ஓடுற வரைக்கும் சுகரை நேரா நேரத்துக்குப் பாருங்க, வயித்துப் புண்ணுக்கு மாத்திரை சேருங்க, ரெண்டு மூணு வாரம் போட்டதைப் படக்குனு நிறுத்தாம படிப்படியா இறக்குங்க.