புளோக் கீழே ஒரு திங்கள் இரவு: எம்பியைச் சந்தித்த அனுபவங்கள்

"சிங்கப்பூரில் எம்பியை, அதாவது நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை, போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், தம்பி.

2013 ஜனவரி. ஏர்கான் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனம் வைத்திருந்தேன். இரண்டு வேன், நான்கு ஆட்கள். பெரிய ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தது, ஆனால் பொருள் வாங்கக் கையில் பணமில்லை. வங்கியில் ஈடு கேட்டார்கள். எனக்கு இருந்தது வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நான்கறை வீடு மட்டும்தான். வீவக வீட்டை வியாபாரக் கடனுக்கு ஈடு வைக்க விதி இடம் கொடுக்காது. தனியார் வீட்டுக்காரர் தன் வீட்டைக் காட்டிப் பணம் புரட்டிவிடுவார். நம்மைப் போன்றவர்கள் எங்கே போவது?

அதே மாதம் பையனின் பள்ளிக் கவலையும் சேர்ந்துகொண்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில் 219. அவன் ஆசைப்பட்ட பள்ளிக்கு 220 வேண்டும். அன்றைய டி-ஸ்கோர் முறையில், மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தும் நம் பிள்ளையின் எண் மாறும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

புளோக் கீழே எம்பி குடியிருப்பாளர்களைப் பார்த்துக் குறை கேட்கும் மக்கள் சந்திப்புக்குப் பையனோடு போனேன். என் எண் 47. கூப்பிடும்போது மணி பத்தரை. தொண்டூழியர் ஒருவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்திருந்தார். எம்பி வங்கிக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஆட்களுக்கு எந்தத் தேதியில் சம்பளம் போடுகிறீர்கள்?" என்று கேட்டு, நான் சொன்ன தேதியைத் தாளின் ஓரத்தில் எழுதி வட்டமிட்டார். அதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. பையன் மதிப்பெண் தாளை எட்டாக மடித்துக் கையில் வைத்திருந்தான். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

பள்ளி மேல்முறையீடு பலிக்கவில்லை. கடன் விஷயத்தில், சிறு நிறுவனங்களுக்கு வங்கியோடு அரசாங்கமும் இழப்பில் பங்கேற்கும் கடன் திட்டத்தை அவர்தான் காட்டிக்கொடுத்தார். 40,000 வெள்ளி கிடைத்தது.

அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில், வருங்கால மக்கள்தொகை பற்றிய அரசாங்கத் திட்டமான மக்கள்தொகை வெள்ளை அறிக்கை மீது விவாதம். ஆளுங்கட்சியைச் சேர்ந்த இந்தர்ஜித் சிங், அவரே தொழில் நடத்தியவர், அரசாங்கத்தோடு மாறுபட்டுப் பேசினார். நம் வீட்டுப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆகஸ்ட்டில் தேசிய தினப் பேரணி உரையில் பிஎஸ்எல்இ மதிப்பெண் முறை மாறும் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். ஆனால் மாற்றம் நடப்புக்கு வந்தது 2021-இல்தான். இப்போது பாடத்துக்கு எட்டு நிலை, நான்கு பாடங்களையும் கூட்டினால் 4 முதல் 32 வரை. 90-உம் அதற்கு மேலும் எடுத்த எல்லோருக்கும் ஒரே நிலை. 2012-இல் தேர்வு எழுதிய என் பையனுக்கு ஒன்பது வருடம் தாமதம்.

*மறுமொழி:*
அண்ணே, உங்கள் பதிவைப் படித்ததும் என் கதையும் நினைவுக்கு வந்தது. எனக்குத் திருமணம் ஆகவில்லை. அம்மா போனபின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். புதிய வீவக வீட்டுக்குத் தனியாட்கள் விண்ணப்பிக்கவே முடியாத காலம் அது. எம்பியிடம் போய் அழுதுவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "இதை நான் அவையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அக்கா" என்றார். 2013 ஜூலையில் விதியைத் திறந்துவிட்டார்கள்: 35 வயது, ஈரறை வீடு, மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள். எனக்கு அப்போது 38. சாவி கைக்கு வந்தபோது 42. முதல் நாள் இரவு பாய்கூட இல்லாமல் தரையில்தான் படுத்தேன்.